தொழுவுரம் இட்ட கிழங்கில் சத்து கூடுமா?

1926இல் குன்னூரில் ஆய்வு நடத்திவந்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசனும், கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலராக இருந்த பி. விஸ்வநாத்தும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாட்டெரு போட்டு விளைந்த தானியமும் ரசாயன உரம் போட்டு விளைந்த தானியமும் ஊட்டத்தில் ஒன்றுதானா என்பது கேள்வி. சிறுதானியத்தையும் கோதுமையையும் சோதனை விலங்குகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மாட்டெரு தானியமே மேல் என்றார்கள். இயற்கை வேளாண்மை என்ற இயக்கம் உருவாவதற்கு முன்பே வந்த முடிவு இது. பின்னாளில் அந்த இயக்கத்தின் முன்னோடிகள் பலரும் இதைச் சான்றாகக் காட்டினார்கள். உருளைக்கிழங்கு அந்தச் சோதனையில் இல்லை. குன்னூரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் அது அப்போதே நூறாண்டுப் பயிர் என்பதை நினைத்தால் சற்று வியப்புதான்.

ஆனால் இந்தக் கேள்வியைச் சோதிப்பதற்கு உருளைக்கிழங்கைவிட ஏற்ற பயிர் குறைவு. விதைக்கிழங்கிலிருந்து முளைப்பதால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் மரபில் ஒன்றே. இரண்டு வயல்களின் கிழங்கில் வேறுபாடு தெரிந்தால், அதற்குக் காரணத்தை மண்ணிலும் பருவத்திலும் பராமரிப்பிலும்தான் தேட வேண்டும். வேர் ஆழம் போகாது, ஆனால் உரப்பசி அதிகம். ஆகவே இட்டதும் இடாததும் விரைவில் தெரிந்துவிடும். எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே என்றாலும், 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 20 மி.கி. வைட்டமின் சி, 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியம், 2 கிராம் புரதம் இருக்கின்றன. நாள்தோறும் தட்டு நிறைய உண்ணும் நாடுகளில் சிறு ஏற்றத்தாழ்வும் கணக்கில் வரும். நல்ல ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவில் நடந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய விடைகள்

முதல் விடை ஜெர்மானிய வேதியியலர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1840இல் வெளியிட்ட நூலிலிருந்து கிளைத்தது. செடி மட்கை அப்படியே உண்பதில்லை, எளிய தாதுக்களைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். தொழுவுரத்தின் பெருமை அதிலுள்ள தாதுக்களின் பெருமையே. இதன்படி, வேருக்கு வந்து சேரும் நைட்ரேட் சாணத்திலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் ஒன்றே. அயனிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வேதியியல் அளவில் இந்த விடையை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. என்ன வருகிறது என்பதைச் சொல்லும் அது, எவ்வளவு வருகிறது, எந்த வாரத்தில் வருகிறது என்பதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது விடை அதற்கு நேர் எதிர். 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய வேளாண் சொற்பொழிவுகள், இந்தூரில் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு 1940இல் எழுதிய நூல், 1943இல் ஈவ் பால்ஃபர் எழுதிய நூல் ஆகியவை வேறுவேறு வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தன: மண் உயிருள்ளது, அதன் நலம் செடிக்கும் செடியின் நலம் உண்பவருக்கும் கடத்தப்படுகிறது. இதைச் சோதிக்க பால்ஃபர் 1939இல் இங்கிலாந்தின் ஹாலியில் பண்ணை அளவிலேயே ஒரு நீண்ட ஒப்பீட்டைத் தொடங்கினார். பண்ணையைப் பிரித்து, கால்நடையோடும் ரசாயன உரமின்றியும் ஒரு பகுதி, கால்நடையும் ரசாயன உரமும் கலந்து ஒரு பகுதி, கால்நடையே இல்லாமல் ஒரு பகுதி என்று நடத்தினார்கள். விளைபொருளின் சத்தைப் பொறுத்தவரை மறுக்க முடியாத தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஸ்வீடனின் யார்னாவில் 1958 முதல் 1990 வரை, ஸ்டைனர் வழிவந்த உயிராற்றல் வேளாண்மையைக் கொண்டு நடந்த சோதனை உருளைக்கிழங்குக்கு நெருக்கமானது. பயிர்ச்சுழற்சியில் கிழங்கு இடம்பெற்றிருந்தது, கிழங்கு கெடாமல் தாங்கும் தன்மையும் அளக்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே மண்ணைப் பின்தொடர்ந்தது இந்த மரபின் பெரிய பலம். சோதித்தவர்களே அந்த முறையில் நம்பிக்கை உள்ளவர்கள் என்பதும், ‘உயிர்த்தன்மை’ என்பதை எந்தச் சோதனைக் குழாயில் அளப்பது என்பதும் எதிர்த்தரப்பு எழுப்பிய ஐயங்கள்.

மூன்றாவது விடை நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பேசியது. ஜெர்மனியின் கைசன்ஹைமில் வெர்னர் ஷுஃபான் 12 ஆண்டுகள் காய்கறிகளிலும் உருளைக்கிழங்கிலும் நடத்திய உரச் சோதனைகளின் முடிவுகள் 1974இல் வெளிவந்தன. தொழுவுரமும் கம்போஸ்ட்டும் இட்ட பாத்திகளில் மகசூல் குறைந்தது, உலர்பொருளும் வைட்டமின் சியும் கூடின, நைட்ரேட் குறைந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் அச்சு இதுதான். ஆனால் தொழுவுரப் பாத்தியில் உரத்தின் மூலம் மட்டுமா மாறியது? செடிக்கு உரிய காலத்தில் கிடைக்கும் தழைச்சத்தின் (நைட்ரஜனின்) அளவும் இயல்பாகவே சேர்ந்து மாறியது. வேறுபாட்டுக்குக் காரணம் மூலமா அளவா என்ற கேள்வியை அந்த வடிவமைப்பால் பிரித்துப் பார்க்க இயலவில்லை. இன்றைய விவாதத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

தழைச்சத்தின் கை

யூரியாவோ அம்மோனியம் நைட்ரேட்டோ இட்டால் தழைச்சத்து சில நாட்களில் வேருக்குக் கிடைக்கும் நிலைக்கு வந்துவிடும். தொழுவுரத்தில் உள்ளதை நுண்ணுயிர்கள் சிதைத்துத்தான் விடுவிக்க வேண்டும். அதற்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். ஐரோப்பிய வசந்தத்தின் குளிர்ந்த மண்ணில் இது மெதுவாக நடக்கிறது. செடி தழை விரிக்கும் வாரங்களில் பற்றாக்குறை, தேவை ஓய்ந்த பிறகு வரவு. ஆகவே இயற்கை முறை வயலில் உருளைச் செடி பெரும்பாலும் சற்றுப் பசியோடு வளர்கிறது. கிழங்கில் நாம் அளக்கும் பலவற்றையும் இந்தப் பசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது இன்று வலுவாக நிற்கும் நிலைப்பாடு.

பசி உள்ள செடி தழையைக் குறைத்துக்கொண்டு விரைவில் முதிர்கிறது. முதிர்ந்த கிழங்கில் மாவுச்சத்து கூடும், தண்ணீர் குறையும். நைட்ரேட் தேங்குவதற்கு வழியில்லை. வைட்டமின் சி விஷயத்தில், பல பயிர்களின் தரவுகளைத் தொகுத்து 1993இல் அகமது மொசாஃபர் எழுதிய மதிப்பீடு, மிகுந்த தழைச்சத்து பெரும்பாலும் அதைக் குறைக்கிறது என்றது. உருளைக்கிழங்கில் அந்தப் போக்கு பலவீனமானது, எல்லாச் சோதனைகளிலும் தலைகாட்டுவதில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வார்மனும் ஹாவர்டும் நடத்தி 1998இல் வெளியிட்ட சோதனையில், கம்போஸ்ட் கிழங்குக்கும் ரசாயன உரக் கிழங்குக்கும் வைட்டமின் சியில் வேறுபாடு தெரியவில்லை.

புரதக் கணக்கு இன்னும் சுவையானது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பது அரிது. மாதிரியிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிவிடுவார்கள். தானியத்துக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். உருளைக்கிழங்கிலோ நைட்ரஜனில் பாதியளவுதான் உண்மையான புரதத்தில் இருக்கிறது. மீதி அஸ்பராஜின் போன்ற தனி அமினோ அமிலங்களாகவும் நைட்ரேட்டாகவும் உலவுகிறது. உரம் கூடும்போது முதலில் வீங்குவது இந்த மீதிதான். டென்மார்க்கில் எப்பெண்டோர்ஃபரும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்குத் தீனி கொடுத்துச் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: தழைச்சத்து ஏற ஏற, நைட்ரஜன் ஒவ்வொரு கிராமிலும் இன்றியமையாத அமினோ அமிலங்களின் பங்கு இறங்கியது. எனவே ‘ரசாயன உரக் கிழங்கில் புரதம் அதிகம்’ என்று ஒரு தரப்பும், ‘இயற்கைக் கிழங்கின் புரதம் தரமானது’ என்று மறுதரப்பும் சொல்வது ஒரே அட்டவணையை இரண்டு பக்கத்திலிருந்து படிப்பதுதான்.

செடியின் பாதுகாப்புப் பொருட்களான பாலிஃபீனால்களுக்கு ஒரு கோட்பாடும் துணைக்கு வந்தது. 1983இல் பிரையன்ட், சாப்பின், கிளைன் மூவரும் முன்வைத்த கார்பன்–ஊட்டச் சமநிலைக் கருதுகோளின்படி, தழைச்சத்து குறைந்தால் வளர்ச்சி தடைபடும். ஒளிச்சேர்க்கையில் சேர்ந்த கார்பன் மிஞ்சும். அது பாதுகாப்புப் பொருட்களாக மாறும். உருளைக்கிழங்கில் அப்படிக் கூடக்கூடியது முக்கியமாகக் குளோரோஜெனிக் அமிலம். அழகான விளக்கம். ஆனால் டென்மார்க்கில் கவனமாகக் கட்டுப்படுத்திய வயல்களில் சோல்டாஃப்டும் குழுவினரும் வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு மூன்றையும் அளந்துவிட்டு, இயற்கை முறையில் இத்தகைய பொருட்கள் பொதுவாகக் கூடுகின்றன என்று சொல்ல இயலாது என்று 2010இல் எழுதினார்கள். பிரையன்ட் குழுவின் கருதுகோளையும் தாவரச் சூழலியலாளர்களே பின்னர் பலவாறு குறைத்துக்கொண்டார்கள்.

மூலமா அளவா என்ற முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, வட இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் நாஃபர்ட்டன் பண்ணையில் நடந்தது. அங்கே ‘இயற்கை முறை’ என்பதை ஒரே பொட்டலமாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிர்ச்சுழற்சி, பயிர்ப் பாதுகாப்பு, உரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரு முறையிலும் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். பூச்சிக்கொல்லி அடித்த தொழுவுரப் பாத்தியும் உண்டு, அடிக்காத ரசாயன உரப் பாத்தியும் உண்டு. அங்கு விளைந்த கிழங்கின் புரதங்களை லெஹெஸ்ராண்டாவும் குழுவினரும் பிரித்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பிரித்தெடுத்த சுமார் 1100 புரதங்களில் 160இன் அளவு மாறியிருந்தது. அந்த மாற்றத்தோடு பொருந்தியது உரம் மட்டுமே. மருந்து அடிப்பும் பயிர்ச்சுழற்சியும் குறிப்பிடத்தக்க தடத்தை விடவில்லை. ஒரு பண்ணை, ஒரு ரகம் என்ற வரம்பு இதற்கு இருந்தாலும், விவாதத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்திய ஆய்வு என்று இதைச் சொல்லலாம். கிழங்குக்குள் போவது சான்றிதழ் அல்ல, தழைச்சத்து.

பசியில் ஒரு விலையும் இருக்கிறது. 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மாவுப்பொருளை அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது, தீங்கானதாகக் கருதப்படும் அக்ரிலமைடு உருவாகிறது என்று அறிவித்தார்கள். அஸ்பராஜினும் ஒடுக்கும் சர்க்கரைகளும் சேர்ந்து தருவது அது. தழைச்சத்து குறைந்தால் அஸ்பராஜின் குறையும், எனவே இயற்கைக் கிழங்கு சிப்ஸில் அக்ரிலமைடும் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பெல்ஜியத்தில் டி வில்டேயும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட சோதனைகள் வேறு கதை சொல்லின. உரம் குறைந்த கிழங்கில் ஒடுக்கும் சர்க்கரை கூடியது. பொரித்தபோது அக்ரிலமைடும் கூடியது.

கருகல் நோய் குறிக்கும் நாள்

உரத்தை மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடுவது பின்பருவ இலைக்கருகல் நோயை. 1845இல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய அதே பூசணம்தான் இன்றும் இயற்கை முறை உருளை விவசாயியின் முதல் எதிரி. செயற்கைப் பூசணக்கொல்லிக்குத் தடை. தாமிரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் எக்டருக்கு ஏழாண்டில் 28 கிலோ என்ற உச்சவரம்பு. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் அதற்கும் அனுமதியில்லை. நோய் ஏறிவிட்டால் தழையை வெட்டி எரித்துவிட்டுக் கிழங்கைக் காப்பாற்றுவதுதான் வழி. அப்படியானால் கிழங்கின் வயதைத் தீர்மானிப்பது விவசாயி அல்ல, பூசணம்.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. தழைச்சத்துப் பசி கிழங்கை விரைவில் முதிரவைக்கிறது. நோய் அதை முதிரும் முன்பே நிறுத்திவிடுகிறது. ஒன்று உலர்பொருளைக் கூட்டும், மற்றது குறைக்கும். ஈரமான ஆண்டில் நோயும் வறண்ட ஆண்டில் பசியும் மேலோங்கும். ஒரே பண்ணையில், ஒரே ரகத்தில், ஆண்டுக்கு ஆண்டு முடிவு புரண்டுபோவதற்கு இது போதுமான காரணம்.

சுவிட்சர்லாந்தின் தெர்வில்லில் 1978 முதல் நடந்துவரும் நீண்டகாலச் சோதனை இவற்றால் நேரும் மகசூல் இழப்பின் அளவைக் காட்டுகிறது. உயிராற்றல் முறை, இயற்கை முறை, வழக்கமான முறை மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கப் பாத்திகளில் இருக்கின்றன. 21 ஆண்டுத் தரவுகளை 2002இல் மேடரும் குழுவினரும் வெளியிட்டபோது, எல்லாப் பயிர்களையும் சேர்த்து இயற்கை முறை மகசூல் சராசரியாக 20 சதவீதமே குறைந்திருந்தது. உருளைக்கிழங்கு மட்டும் வழக்கமான பாத்தியின் மகசூலில் 58 முதல் 66 சதவீதம்தான் கொடுத்தது. காரணங்களாக அவர்கள் சொன்னவை பொட்டாசியப் பற்றாக்குறையும் கருகல் நோயும். ஜெர்மனியில் மோலரும் குழுவினரும் பல இயற்கைப் பண்ணைகளை ஆராய்ந்துவிட்டு, மகசூலைத் தடுப்பதில் நோயைவிடத் தழைச்சத்துக் குறைவின் பங்கே பெரிது என்றார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நோய் வருவதற்கு முன்பே பசியில் சுருங்கிவிட்ட செடியிடம் நோய் பறிக்க அதிகம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

மகசூலை இழுத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: எக்டருக்கு 40 டன், கிலோவுக்கு 200 மி.கி. வைட்டமின் சி என்றால் மொத்தம் 8 கிலோ. மகசூல் 26 டன்னாக இறங்கி, வைட்டமின் சி கிலோவுக்கு 220 மி.கி.யாக ஏறினாலும் மொத்தம் 5.7 கிலோதான். உண்பவருக்குக் கிலோவுக்கான எண்ணும், நாட்டின் உணவைத் திட்டமிடுபவருக்கு எக்டருக்கான மொத்த எண்ணும் தேவை. விவாதங்களில் இவை இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

தாதுக்கள்

தாதுக்களில் தெளிவு அதிகம், பரபரப்பு குறைவு. டென்மார்க்கில் லாவ்ர்சனும் குழுவினரும் மூன்று ஊர்களில் இரண்டு ஆண்டு விளைந்த கோதுமை, பார்லி, அவரையினப் பயிர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். தனித்தனியாக எடுத்தால் எந்த ஊட்டத் தாதுவிலும் முறைசார்ந்த வேறுபாடு இல்லை. பதினான்கு வரையிலான தனிமங்களை ஒன்றாக வைத்துப் புள்ளியியல் முறையில் பார்த்தால் மட்டும் இரண்டு முறைகளும் பிரிந்து தெரிந்தன. போலிச் சான்றிதழைப் பிடிக்க இது உதவும். தட்டுக்கு எதையும் சேர்க்காது. நைட்ரஜன் ஐசோடோப்பும் அப்படித்தான்: தொழுவுரத்திலிருந்து அம்மோனியா ஆவியாகும்போது இலகுவான நைட்ரஜன் முந்திப் போய்விடுவதால், மிஞ்சுவதில் கனமானதன் பங்கு கூடும், அந்தத் தடம் கிழங்கிலும் தெரியும். அயனிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற லீபிக் மரபு அந்த அளவில் தவறு, ஆனால் உடலுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு பொருட்டல்ல.

உரத்தின் வகை முக்கியமாவது பொட்டாஷில். மியூரேட் ஆஃப் பொட்டாஷில் உள்ள குளோரைடு கிழங்கின் உலர்பொருளைச் சற்றுக் குறைக்கும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் அப்படிச் செய்யாது. மண்ணிலுள்ள காட்மியத்தைக் கிழங்கு உறிஞ்சுவதையும் குளோரைடு கூட்டும் என்பதைத் தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாறையிலிருந்து எடுத்த சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு இயற்கை முறையிலும் அனுமதி உண்டு என்பதால், இது ‘இயற்கையா ரசாயனமா’ என்ற பிரிவுக்குள் அடங்காத வேறுபாடு.

ஒரே குவியல், இரண்டு தீர்ப்பு

செய்தித்தாள் வாசகரைக் குழப்பியவை தொகுப்பாய்வுகள். 2009இல் பிரிட்டனின் உணவுத் தர அமைப்புக்காக லண்டன் குழு ஒன்று, ஐம்பது ஆண்டில் வெளியான 162 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் 55ஐ மட்டுமே தரமானவை என்று ஏற்றது. டாங்கோர் தலைமையிலான அந்தக் குழு, பயிர்களில் நைட்ரஜன் வழக்கமான முறையிலும் பாஸ்பரஸ் இயற்கை முறையிலும் சற்றுக் கூடுதல், மற்றபடி உடல்நலத்துக்குப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2014இல் பாரான்ஸ்கி தலைமையில் நியூகாசில் சார்ந்த குழு 343 ஆய்வுகளைச் சேர்த்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் வகைகள் 18 முதல் 69 சதவீதம் வரை இயற்கை முறையில் கூடுதல், காட்மியம் 48 சதவீதம் குறைவு என்றது. இரண்டாவது குழு தரம் குறைந்த ஆய்வுகளையும் உள்ளே விட்டது என்றார்கள் எதிர்த்தவர்கள். முதல் குழு நல்ல தரவையும் வெளியே தள்ளியது என்றார்கள் மற்றவர்கள். இரண்டு குறைகூறல்களிலும் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

உருளைக்கிழங்கை மனதில் வைத்துப் படிப்பவர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 48 சதவீதம் முக்கியமாகத் தானியங்களிலிருந்து வந்தது. ‘பயிர்கள்’ என்ற மொத்தச் சராசரியில் கீரையும் ஆப்பிளும் கோதுமையும் கிழங்கும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. கிழங்கு மாவைச் சேமிக்கும் உறுப்பு. தோலோரத்தில்தான் பாலிஃபீனால்கள் செறிந்திருக்கும். தக்காளியில் காணும் ஏற்றத்தைக் கிழங்கிலும் எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை.

ஆய்வுகளின் வடிவமும் ஒன்றல்ல. கடையில் வாங்கி ஒப்பிடுவது மலிவானது, ஆனால் ரகம், அறுவடை நாள், கிடங்கில் இருந்த மாதங்கள் எல்லாம் கலந்துவிடும். அண்டைப் பண்ணைகளை இணையாக எடுப்பது மண்ணைச் சமப்படுத்தும், ரகத்தைச் சமப்படுத்தாது. சோதனைத் திடலில் எல்லாவற்றையும் சமப்படுத்தலாம். ஆனால் உர வளத்துக்கென்றே உருவாக்கிய ரகத்தை உரமின்றி வளர்த்துவிட்டு அதை ‘இயற்கை முறை’ என்று அழைக்க வேண்டியிருக்கும்.

அளவை அலகும் ஒரு கண்ணி. இரண்டு கிழங்குகளிலும் உலர்பொருள் 100 கிராமுக்கு 100 மி.கி. வைட்டமின் சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் உலர்பொருள் 20 சதவீதம், மற்றதில் 22. பச்சை எடையில் அளந்தால் 20 மி.கி.யும் 22 மி.கி.யும் வரும், பத்து சதவீத மேன்மை. உலர் எடையில் அளந்தால் வேறுபாடே இல்லை. அந்த மேன்மை வந்தது வைட்டமினிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து. எந்த அலகில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டும் பிரசுரங்களை இரு தரப்பிலும் காணலாம்.

ரகம், கிடங்கு, அடுப்பு

செக் குடியரசில் ஹாய்ஷ்லோவாவும் குழுவினரும் பல ரகங்களை நான்கு ஆண்டு தொடர்ந்து அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் நிதானமான குரல்களில் ஒன்று. இயற்கை முறையில் நைட்ரேட் குறைவு. வைட்டமின் சியும் குளோரோஜெனிக் அமிலமும் கூடும் போக்கு. ஆனால் ரகம், ஆண்டு, ஊர் ஆகியவற்றின் செல்வாக்கு உர முறையின் செல்வாக்கை விஞ்சியது. கிளைக்கோஆல்கலாய்டுக்கு இது இன்னும் பொருந்தும். சோலனின், சாகோனின் என்ற இந்தக் கசப்பு நச்சுகளுக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்பது வழக்கமான எல்லை. அமெரிக்காவில் வெளியான லெனாப்பே என்ற ரகத்தை 1970இல் திரும்பப் பெற்றது உரத்தால் அல்ல, மரபால். அமெரிக்காவில் சிவப்புத்தோல் கிழங்கைச் சோதித்த விஷெலாக்கி குழுவினர் இயற்கைக் கிழங்கில் இவை சற்றுக் கூடும் போக்கைக் கண்டார்கள். சுவைப்பவர்களால் வேறுபாட்டைச் சொல்ல முடிந்தது தோலோடு வேகவைத்தபோதுதான், உரித்துவிட்டால் முடியவில்லை.

அறுவடைக்குப் பிந்தைய இழப்போ மிகப் பெரியது. குளிர்கிடங்கில் சில மாதங்களில் வைட்டமின் சி ஏறத்தாழப் பாதியாகிவிடும். உரித்து, நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் மிஞ்சியதிலும் கணிசமான பங்கு போகும். பொட்டாசியமும் கூடவே வடியும். தோலோடு அவித்தால் இழப்பு குறைவு. உர முறை தரும் பத்து சதவீதத்தை அடுப்பங்கரை ஒரே வேளையில் விழுங்கிவிடும் என்பதை, சத்தைக் காட்டி விற்பவர்கள் சொல்வதில்லை. பூச்சிக்கொல்லி எச்சம், நிலத்தடி நீர், மண்ணின் உயிர்வளம் என்று இயற்கை முறையைத் தேர்வதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அவற்றுக்குச் சத்து வாதம் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னும் தீராதவை

இதுவரையான சான்றுகளைக் கொண்டு ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. இயற்கை முறைக் கிழங்கில் நைட்ரேட் பொதுவாகக் குறைவு. ‘கச்சாப் புரதம்’ குறைவு, அதன் அமினோ அமிலச் சேர்க்கை சற்று மேல். வைட்டமின் சியும் குளோரோஜெனிக் அமிலமும் சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் இல்லை. நைட்ரேட் குறைவதைப் பெரிய லாபமாகக் காட்டுவதிலும் கவனம் வேண்டும்: கிழங்கில் நைட்ரேட் கீரைகளைவிட மிகக் குறைவு, பாதியாகக் குறைந்தாலும் மொத்த உணவின் கணக்கில் அதிகம் அசையாது.

மெக்காரிசன் கேட்ட கேள்வி அதன் மூல வடிவில், அதாவது உண்பவரின் உடலில் வேறுபாடு தெரியுமா என்ற வடிவில், உருளைக்கிழங்குக்கு இன்னும் விடை பெறவில்லை. கிழங்கை அளந்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. உண்டவரை அளந்தவை அரிது. பாலிஃபீனால் ஐந்து மி.கி. கூடினால் உடலுக்கு என்ன என்பது ஊகமாகவே இருக்கிறது.

நம் பக்கத்து மண்ணுக்கு ஐரோப்பிய முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் திறந்த கேள்வி. குளிர்ந்த வசந்தமே அங்கே தொழுவுரத்தைத் தாமதப்படுத்தியது. நீலகிரியின் கார்போகம் ஏப்ரல்–மே மாதங்களில், மண் சூடான பிறகு நடப்படுவது. தழைச்சத்து அங்கே வேறு வேகத்தில் வெளிவரக்கூடும். அந்த மண் அமிலத்தன்மை உள்ளது. இட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸை) இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும், தொழுவுரத்தின் கரிம அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தவும் கூடும். அப்படியானால் அங்கே தொழுவுரத்தின் பெரிய பங்களிப்பு தழைச்சத்தாக இல்லாமல் மணிச்சத்தாக இருக்கலாம். தென்மேற்குப் பருவமழையில் கருகல் நோயின் கெடுபிடியோ ஐரோப்பாவுக்குக் குறைந்ததல்ல. கங்கைச் சமவெளியின் குளிர்காலப் பயிருக்கு இவை எதுவும் அப்படியே பொருந்தாது.

மூலத்தையும் அளவையும் பிரிக்க வேண்டுமென்றால், செடிக்கு வாராவாரம் கிடைக்கும் தழைச்சத்தை இரு பாத்திகளிலும் சமமாக்கி, தழையை ஒரே நாளில் வெட்டி, கிடங்கில் வைத்து, வேகவைத்த பிறகு அளக்கும் சோதனை வேண்டும். செலவு மிகுந்தது என்பதால் அத்தகையவை குறைவு. இதற்கிடையில் களமே மாறிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் 2017இல் இயற்கை உருளை விவசாயிகள், ரக உற்பத்தியாளர்கள், கடைக்காரர்கள் சேர்ந்து, கருகல் நோயைத் தாங்கும் ரகங்களுக்கு மாறுவதாக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த ரகங்கள் பரவினால் இயற்கை வயலின் கிழங்கும் முழு வயது நின்று முதிரும். பூசணம் குறித்த நாளில் அறுத்த கிழங்கை, மருந்தின் காவலில் முதிர்ந்த கிழங்கோடு ஒப்பிட்ட பழைய அட்டவணைகள் பலவற்றையும் அப்போது மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.